ரஹ்மான் வளர்த்த காதுகள்

இசைப்புயலைத் தலையில் வைத்துக் கொண்டாடிய தலைமுறையே இன்று அவரிடம் குறை காண்கிறது. இது நன்றி மறந்த பேச்சா, அல்லது அவரிடமே கற்ற பாடமா?

2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை மாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூர் ஆதித்யராம் பேலஸ் சிட்டி மைதானத்தில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி. ஆகஸ்ட் 12-ல் நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போயிருந்தது. திரையுலகில் அவர் முப்பது ஆண்டுகளைக் கடந்ததைக் கொண்டாடும் மேடை என்பதால் எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். நடந்ததோ வேறு. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களில் ஏராளமானோர் நுழைவாயிலைக்கூட நெருங்க முடியாமல் திரும்பினார்கள். உள்ளே போனவர்களில் பலருக்கு உட்கார இடம் இல்லை; பின்வரிசைகளுக்குப் பாட்டு தெளிவாக எட்டவில்லை. நெரிசலில் குழந்தைகள் பெற்றோரை விட்டுப் பிரிந்தார்கள், பெண்கள் சீண்டலுக்கு ஆளானார்கள் என்று புகார்கள் குவிந்தன. அனுமதி பெற்றது 20,000 பேருக்கு, திரண்ட கூட்டம் அதைவிட மிக அதிகம் என்றது காவல் துறை. தாம்பரம் காவல் ஆணையராக இருந்த அமல்ராஜ் விசாரணை நடத்தினார். ஏற்பாட்டாளர்கள் மீது வழக்கு பதிவானது. இரண்டு ஐ.பி.எஸ். அதிகாரிகள் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார்கள்.

அன்று இரவே ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். தனக்குள் இருந்த ரஹ்மான் ரசிகன் இன்றோடு செத்தான் என்று எழுதியவர்கள் ஒரு பக்கம். ஏற்பாட்டாளர் செய்த தவறுக்கு மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் என்ன செய்வார் என்று வரிந்துகட்டியவர்கள் மறுபக்கம். அந்தக் கோபத்தில் டிக்கெட் காசு மட்டும் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மனத்துக்குள் கிடந்த தாங்கலும் சேர்ந்தே வெளியே வந்தது. பழைய ரஹ்மான் எங்கே, பாட்டு ஏன் முன்புபோல ஒட்டவில்லை, வரிகள் ஏன் காதில் விழவில்லை என்று நண்பர்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் சந்திக்கு வந்தது. இந்தத் தாங்கலை நன்றி கெட்டதனம் என்று தள்ளுவது தவறு. அவரைக் கைகழுவ இதுவே போதும் என்பதும் தவறு. நுணுகிக் கேட்பதைத் தமிழர்களின் அன்றாடப் பழக்கமாக்கியதில் ரஹ்மானுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படிப் பழகிய காது அவருடைய பாட்டில் நிறையைக் கேட்பதுபோலவே குறையையும் கேட்கும். இன்றைய அதிருப்தியும் அவர் நமக்கு விட்டுச்செல்லும் சொத்தில் ஒரு பங்குதான். இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, சான்றுகளோடு பார்க்கலாம்.

காது வளர்ந்த கதை

1967 ஜனவரி 6-ல் சென்னையில் பிறந்து, பின்னாளில் ரஹ்மான் ஆன திலீப்குமாருக்கு ஒன்பது வயதில் தந்தை ஆர்.கே.சேகர் மறைந்தார். மலையாளத் திரையிசையில் இசையமைப்பாளராகவும் இசைக்குழு நடத்துநராகவும் இயங்கியவர் அவர். குடும்பத்தைத் தாங்கப் பள்ளிப் பருவத்திலேயே கீபோர்டோடு ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போனார் மகன். எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா என்று ஜாம்பவான்களின் குழுக்களில் வாசித்தார். பிறகு விளம்பர ஜிங்கிள்கள். சில நொடிகளுக்குள் ஒரு பொருளை மக்கள் மனத்தில் நிறுத்தியாக வேண்டிய வேலை அது. ஓசையின் நிறமும் மௌனத்தின் அளவும் எவ்வளவு முக்கியம் என்பது அங்கே கைவந்தது. 1989-ல் கோடம்பாக்கம் வீட்டுக் கொல்லையில் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ ஒலிப்பதிவுக் கூடம் எழுந்தது. 1992-ல் மணிரத்னத்தின் ‘ரோஜா’ வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது. ‘டைம்’ இதழ் 2005-ல் தேர்ந்தெடுத்த உலகின் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளில் ‘ரோஜா’வும் இடம்பெற்றது.

விருதுகளைவிட முக்கியமானது, பாட்டு உருவாகும் முறையையே அவர் மாற்றியது. அதுவரை பாடகரும் வாத்தியக் குழுவும் பெரிய கூடத்தில் கூடி, ஒத்திகை பார்த்து, சில மணி நேரத்தில் பாட்டைப் பதிவுசெய்து முடிப்பதே பெரும்பாலும் வழக்கம். பஞ்சதனில் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிவாயின. பாடகர் ஒரே இடத்தைப் பலவிதமாகப் பாடிக் கொடுப்பார். எது நிற்கும், எது போகும் என்பது பிறகுதான் முடிவாகும். இரவெல்லாம் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கும் உழைப்பு அது. ‘ரோஜா’ தொடங்கி 2008 டிசம்பரில் மறையும்வரை இந்த உழைப்பில் தோள்கொடுத்தவர் ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதர். தேசிய விருதை நான்கு முறை வென்றவர். ‘திருடா திருடா’வில் ஒரு பாட்டை ஏறக்குறைய மனிதக் குரல்களை மட்டும் வைத்தே கட்டினார் ரஹ்மான். ‘டூயட்’ படத்தில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸஃபோன் ஒரு கதாபாத்திரமாகவே ஆனது. கிராமத்துக்கு இந்த ஓசை ஒத்துவராது என்றவர்களுக்குக் ‘கிழக்குச் சீமையிலே’யும் ‘கருத்தம்மா’வும் பதில் சொல்லின. இத்தனையும் ‘ரோஜா’ வந்து ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் நடந்தவை.

கேட்பவர்களிடம் இது புதிய பழக்கத்தை உண்டாக்கியது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இடது காதில் வருவது எது, வலது காதில் வருவது எது என்று பிரித்துக் கேட்டார்கள். கேசட் அட்டையைப் பிரித்து, வாசித்தவர்களின் பெயர்களைப் படித்தார்கள். பாடகர், கவிஞர் பெயர்களோடு நின்றிருந்த ரசிகர் பேச்சில் புல்லாங்குழல் நவீன்குமார், பேஸ் கிடார் கீத் பீட்டர்ஸ், டிரம்ஸ் சிவமணி என்ற பெயர்களும் ஏறின. ஒரு தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, அதே வரிசையில், மாதக்கணக்கில் கேட்பது சாதாரணமானது. எந்தப் பாட்டின் இடையிசையில் எந்த நொடியில் எது நுழைகிறது என்று ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டது ஒரு தலைமுறை. இசை இலக்கணம் தெரியாதவர்களும் ஒலியின் தரம்பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

சென்னையின் தென்புறநகர் வளர்ந்ததும் இதே காலத்தில்தான். தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி 1937-லிருந்தே இருக்கிறது. மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி வளாகம் 1980-களில் வந்தது. வண்டலூர் கிரசென்ட், காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்., செம்மஞ்சேரி சத்யபாமா என்று பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழகமெங்கும் இருந்து பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பிறகு ஓ.எம்.ஆர். நெடுக ஐ.டி. நிறுவனங்கள் முளைத்தன, மேடவாக்கமும் சேலையூரும் பெருங்களத்தூரும் அடுக்குமாடிகளால் நிறைந்தன. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது, 2022 ஜனவரியில் தனிக் காவல் ஆணையரகமும் இயங்கத் தொடங்கியது. விடுதி அறையில் ‘உயிரே’யும் ‘அலைபாயுதே’யும் கேட்ட மாணவர்கள் இங்கேயே வேலைக்குப் போய், கடன் வாங்கி வீடு கட்டி, பிள்ளை பெற்றுக் குடியமர்ந்தவர்கள். பனையூர் நிகழ்ச்சி குறிவைத்தது இவர்களைப் போன்றவர்களைத்தான். அவர்கள் டிக்கெட் வாங்கியது புதுப் பாட்டுக்காக மட்டும் அல்ல. தங்கள் இளமையின் ஒலியை இன்னொரு முறை நேரில் கேட்பதற்காகவும்தான்.

‘கேட்கக் கேட்கப் பிடிக்கும்’

ரஹ்மான் ரசிகர்களிடம் ஒரு கவசம் உண்டு. புதுப் பாட்டு சரியில்லை என்று யாராவது சொன்னால், கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும், ஸ்லோ பாய்சன் என்று பதில் வரும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1997-ல் வந்த ‘இருவர்’ அதற்குச் சான்று. பழைய திரையிசையின் மெட்டும் நடையும் 1990-களின் ஒலியும் ஒரே தொகுப்பில் கைகோத்த அந்தப் படம் திரையரங்கில் ஓடவில்லை. ஆனால் அதன் பாடல்கள் இன்று அவருடைய உச்சங்களில் வைத்துப் பேசப்படுகின்றன. ‘கடல்’ 2013-ல் வசூலில் தோற்றது. சித் ஸ்ரீராம் என்ற குரலையும், மேற்கத்திய கோரஸை மீனவக் குப்பத்துக் கதைக்குள் கொண்டுவந்த துணிச்சலையும் அது விட்டுச்சென்றது. ஆகவே, ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாதே என்ற அறிவுரை சரிதான்.

ஆனால் அந்தக் கவசத்தை எல்லாப் பாட்டுக்கும் மாட்ட முடியாது. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் ஒன்றை நிறுவிக் காட்டினார்: எதையும் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே மனிதருக்கு அதன்மேல் விருப்பம் கூடும். அர்த்தமில்லாத சொற்களுக்கும் முன்பின் தெரியாத எழுத்துகளுக்கும்கூட இது பொருந்தியது. அப்படியானால் கேட்கக் கேட்கப் பிடிப்பது மட்டுமே ஒரு பாட்டின் சிறப்புக்குச் சான்றாகாது. எந்த விளம்பரப் பாட்டும் நூறு முறை கேட்டால் வாயில் வந்து ஒட்டும். வேறு அளவுகோல் வேண்டும். பத்தாவது முறை கேட்கும்போது புதிதாக ஏதாவது தட்டுப்படுகிறதா, அல்லது பழக்கம் மட்டும் கூடுகிறதா? ‘இருவர்’ முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்கிறது. ‘சர்க்கார்’ (2018), ‘லால் சலாம்’ (2024) தொகுப்புகளின் பெரும்பகுதி அந்தச் சோதனையில் தேறவில்லை என்பதே என் கணிப்பு. முதல் தடவையில் கேட்டது எதுவோ அதுவேதான் இருபதாவது தடவையிலும் இருக்கிறது.

வரி கேட்கவில்லை என்ற குறையும் நியாயமானது. தமிழ் தெரியாத பாடகர்களின் உச்சரிப்புபற்றி 1990-களிலேயே முணுமுணுப்பு இருந்தது. அன்று அதை மெட்டின் வலிமை மூடிவிட்டது. இன்று குரலே வாத்தியங்களின் நெசவுக்குள் ஒரு இழையாகக் கலக்கப்படுகிறது. சொல் முன்னால் வந்து நிற்பதில்லை. ஒலிக்கலவையாக அது அழகுதான். ஆனால் பாட்டின் பாதி உயிரைச் சொல்லில் வைத்திருக்கும் தமிழ்த் திரைமரபில் கேட்பவர் கை நீட்டிப் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் போகிறது. இதை மாற்ற அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2023-ல் ‘மாமன்னன்’ படத்துக்காக யுகபாரதியின் வரிகளை வடிவேலுவைப் பாடவைத்தபோது ஒரு சொல்கூடச் சிந்தவில்லை. துயரம் சொல்லிலேயே ஏறி வந்தது. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் பின்னணி இசை 2024-ல் அவருக்கு ஏழாவது தேசிய விருதைக் கொண்டுவந்தது. திறமை வற்றிவிட்டது என்பவர்களுக்கு இவை மறுப்பு. திறமை இருக்கிறது, எல்லா இடத்திலும் அது முழுதாக இறங்குவதில்லை என்பதுதான் சரியான குற்றச்சாட்டு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இதெல்லாம் ஏக்கம், உங்கள் இளமை போனதற்கு இசையமைப்பாளரை ஏன் குறை சொல்கிறீர்கள் என்பது அது. ரசிகர்களின் ஏக்கம் கலைஞர்களைக் கட்டிப்போட்ட கதைகள் நிறைய. 1965-ல் நியூபோர்ட் விழாவில் மின்கிடாரோடு மேடையேறிய பாப் டிலனைப் பார்த்து அவருடைய சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். 2017 ஜூலையில் லண்டன் வெம்ப்ளியில் ரஹ்மான் தமிழ்ப் பாடல்களை அதிகம் பாடினார் என்று இந்தி ரசிகர்கள் சிலர் எழுந்து போனார்கள். ரசிகருக்குப் பிடித்ததை மட்டுமே பாட வேண்டும் என்றால் கலைஞருக்கு வளர்ச்சியே கிடையாது. இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் கேட்பது 1992-ஐத் திருப்பித் தரச் சொல்லி அல்ல. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ (2010) ‘ரோஜா’வைப் போல இல்லை, ‘ஓ காதல் கண்மணி’ (2015) அந்த இரண்டையும் போல இல்லை. மூன்றையும் இதே ரசிகர்கள்தான் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். மாற்றத்தை வெறுப்பவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். மாறாமல் தேங்கி நிற்கும்போதுதான் இவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

பாட்டு வந்து சேரும் வழி மாறியதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். முன்பு ஒரு படத்தின் ஐந்தாறு பாடல்கள் ஒன்றாக வந்தன. வாங்கியவர் வேறு வழியின்றி எல்லாவற்றையும் கேட்டார். மூன்றாவது பாட்டு பிடிக்காமல் நான்காவதுக்காகக் காத்திருந்தவருக்கு ஒருநாள் அந்த மூன்றாவதே பிடித்துப்போனது. இன்று பாடல்கள் ஒவ்வொன்றாக லிரிக் வீடியோவாக வருகின்றன. அரை நிமிட ரீல்ஸுக்குள் பிடிக்காவிட்டால் விரல் அடுத்ததுக்குப் போய்விடுகிறது. பொறுமையாக அடுக்கிய இசைக்குப் பொறுமையாகக் கேட்பவர் தேவை. அந்தப் பொறுமையை நாமும் ஓரளவு இழந்திருக்கிறோம். ஆகவே இந்தத் தாங்கலில் நம் பங்கும் இருக்கிறது.

மேடைக்கு வெளியே

பனையூருக்கு வருவோம். ஏற்பாட்டாளர் செய்த பிழைக்குக் கலைஞர் பொறுப்பில்லை என்ற வாதத்தை ரஹ்மானே முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மழை வந்துவிடக் கூடாதே என்ற நினைப்போடு உள்ளே பாடிக்கொண்டிருந்ததாகவும், வெளியே நடந்தது தெரியாமல் போனதாகவும் சொன்னார். பொறுப்பை ஏற்பதாகவும் சொன்னார். நுழைய முடியாதவர்கள் டிக்கெட் நகலையும் குறைகளையும் அனுப்பச் சொல்லி, பணம் திரும்பக் கிடைக்க ஏற்பாடு செய்தார். பெரும் புகழில் இருப்பவர்கள் பலர் செய்யாதது இது. அதே சமயம், தானே பலியாடாக இருக்கிறேன், எல்லோரும் விழித்துக்கொள்வோம் என்று அவர் எழுதிய பதிவில் உலகத்தரக் கட்டமைப்பு, போக்குவரத்து மேலாண்மை ஆகியவற்றோடு பார்வையாளர்கள் விதிகளைப் பின்பற்றப் பழகுவதும் பட்டியலில் இருந்தது. டிக்கெட்டோடு வந்து வாசலில் நின்றவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. அவர்களை நோக்கி அந்தச் சொல் போயிருக்கக் கூடாது. விளம்பரத்தில் இருந்தது ஏற்பாட்டு நிறுவனத்தின் முகம் அல்ல, ரஹ்மானின் முகம். மக்கள் அந்தப் பெயரை நம்பித்தான் பணம் கொடுத்தார்கள். எத்தனை டிக்கெட் விற்கிறது, இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்கும் உரிமையும் வலிமையும் அவருக்கு இருந்தன. அந்த உரிமை ஒரு கடமையும்தான்.

கட்டமைப்புபற்றி அவர் சொன்னது சரியே. தாம்பரத்திலிருந்து பனையூருக்குப் போக வேண்டுமானால் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வந்து, அங்கிருந்து இணைப்புச் சாலையில் அக்கரைக்குப் போய், ஈ.சி.ஆரில் தெற்கே திரும்ப வேண்டும். புறநகர் ரயில் பாதை அந்தப் பக்கம் இல்லை. பறக்கும் ரயில் அப்போது வேளச்சேரியோடு நின்றது. ஓ.எம்.ஆரில் மெட்ரோ பணிக்காகச் சாலை சுருங்கிக் கிடந்த காலம் அது. கார் இல்லாதவர்கள் நள்ளிரவில் எப்படி வீடு திரும்புவார்கள் என்று இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. லட்சக்கணக்கான மக்கள் வாழும் இந்தத் தென்புறநகரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரும் கூட்டத்தைத் தாங்கும் பொது இசை அரங்கம் ஒன்றுகூட இல்லை. பெரிய நிகழ்ச்சி என்றால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடல் அல்லது நேரு உள்விளையாட்டரங்கம். இல்லையென்றால் கடற்கரைச் சாலையோரம் ஒரு தனியார் மைதானம். பனையூரில் நடந்ததை ஒருவருடைய அவப்பெயராகச் சுருக்கிவிட்டால் அடுத்த நிகழ்ச்சியிலும் இதே கதைதான்.

கடன்களின் கணக்கு

மரபு என்று பேசும்போது அவர் தந்ததோடு அவர் பட்ட கடனையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கீபோர்டும் கணினியும் வந்த பிறகு கோடம்பாக்கத்து வயலின்காரர்களுக்கும் தபேலாக்காரர்களுக்கும் வேலை குறைந்தது. அந்தக் குற்றச்சாட்டு நேராக ரஹ்மான் மேல் வைக்கப்படுகிறது. பாதி உண்மை இது. மின்னணு ஓசை தமிழுக்குள் அவரோடு நுழையவில்லை. 1986-லேயே ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்திவிட்டார். ஆனால் ரஹ்மானின் வெற்றிக்குப் பிறகுதான், ஓர் அறையும் ஒரு கணினியும் போதும் என்ற எண்ணம் தயாரிப்பாளர்களிடம் வேரூன்றியது. அவருடைய தொகுப்புகளில் உயிருள்ள வாத்தியங்கள் நிறைந்திருந்தன. அவரைப் பின்பற்றியவர்கள் செலவைக் குறைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2008-ல் அவர் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும், வசதியற்ற பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்தியம் கற்றுத்தரும் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவும் அந்த இழப்பை ஈடுகட்டும் முயற்சிகள் என்றே நான் மதிக்கிறேன். வாழும் காலத்திலேயே கல்லூரி கட்டிய திரையிசையமைப்பாளர்கள் நம்மிடம் அரிது.

குரல்களின் கணக்கு இன்னும் நுட்பமானது. மின்மினி, ஷாகுல் ஹமீது, உன்னிகிருஷ்ணன், சின்மயி, நரேஷ் ஐயர், பம்பா பாக்யா என்று அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த குரல்களின் வரிசை நீளமானது. எம்.எஸ்.விஸ்வநாதனை ‘சங்கமம்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படங்களில் பாடவைத்து முந்தைய தலைமுறைக்கு மரியாதை செய்தார். அதே கைகள் 2024-ல் ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாக விளக்கினார். அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனாலும் கேள்வி தீரவில்லை. ஒரு பாடகர் எந்தப் பாட்டை எப்படிப் பாடுவது என்று தானே எடுக்கும் முடிவுகளில்தான் அவருடைய கலை இருக்கிறது. அந்த முடிவைக் குடும்பம் அவருக்காக எடுக்க முடியாது. புதுக் குரல்களைத் தேடிப் பிடிப்பதில் தமிழுக்கே வழிகாட்டியவர், பழைய குரலை நகலெடுக்கும் பாதையில் அடியெடுத்து வைத்தது வருத்தம் தருகிறது. நாளை அனுமதியும் கேட்காமல், பணமும் கொடுக்காமல் செய்யப்போகிறவர்கள் இதையே முன்னுதாரணமாகக் காட்டுவார்கள்.

பிறர் மரபைத் தொடும்போதும் இதே கவனம் தேவைப்படுகிறது. 2023-ல் ‘பிப்பா’ படத்துக்காகக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் விடுதலைப் பாடலுக்குப் புது மெட்டுப் போட்டபோது வங்காளமே கொதித்தது. தயாரிப்பாளர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகப் பாட்டு ஒன்று துருபத் இசைக் கலைஞர்களான டாகர் சகோதரர்களின் சிவ ஸ்துதியைச் சார்ந்தது என்ற வழக்கில், 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அவர்கள் பெயரைக் குறிப்பிடவும் 2 கோடி ரூபாய் கட்டவும் இடைக்கால உத்தரவிட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டம் அதன் வழியில் போகட்டும். வாத்தியம் வாசித்தவரின் பெயரைக் கேசட் அட்டையில் தேடிப் படிக்கப் பழகிய ரசிகர், ஒரு மெட்டின் வேர் எங்கே இருக்கிறது என்றும் கேட்பார். ரஹ்மானிடமிருந்து நாம் எதிர்பார்ப்பது சட்டம் கட்டாயப்படுத்தும் அளவை அல்ல, அவர் ஒருகாலத்தில் தானே உயர்த்திக் காட்டிய அளவை.

ரசிகரின் பங்கு

இவ்வளவு குறையையும் சொன்ன பிறகு ரசிகர் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் ரசிகர் என்றால் ஒரு கட்சி என்றாகிவிட்டது. ராஜாவா ரஹ்மானா, ரஹ்மானா அனிருத்தா என்று அணி பிரித்து, தன் அணியில் குற்றமே இல்லை என்று சாதிப்பது அன்பு என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். அந்த அன்பால் கலைஞருக்குப் பயன் இல்லை. எதைக் கொடுத்தாலும் கைதட்டுகிறவரிடமிருந்து கலைஞர் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. எதைக் கொடுத்தாலும் பழசுபோல இல்லை என்கிறவரிடமிருந்தும் இல்லை. எந்த இடத்தில் இசை தூக்கியது, எந்த இடத்தில் நழுவியது என்று சுட்டிச் சொல்லத் தெரிந்தவர்தான் கலைஞருக்குத் துணை.

அதற்கு நம் பக்கமும் சில வேலைகள் இருக்கின்றன. புதுத் தொகுப்பு வந்தால் அரை நிமிடத் துண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் முழுதாகக் கேட்க வேண்டும். வரி புரியவில்லை என்றால் அதைச் சொல்ல வேண்டும். புரியாததை ஆழம் என்று புகழக் கூடாது. எத்தனை டிக்கெட் விற்கப்பட்டது, வெளியேறும் வழிகள் எத்தனை, இரவில் திரும்பப் பேருந்து உண்டா என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வேளச்சேரியிலும் மேடைக்காகக் காத்திருக்கும் இளம் வாத்தியக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கும் காசு கொடுத்துப் போக வேண்டும். மாநகராட்சியிடம் பொது அரங்கம் கேட்க வேண்டும். ரஹ்மான் நமக்குத் தந்த காதை அவருக்கு மட்டுமே எழுதிவைக்க வேண்டியதில்லை.

ஏழு தேசிய விருதுகள், 2009-ல் இரண்டு ஆஸ்கர், 2010-ல் இரண்டு கிராமி என்ற பட்டியலை எந்தக் குறையும் அழித்துவிடாது. பனையூரின் குளறுபடியைப் பட்டியலும் அழிக்காது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முதிர்ச்சி நமக்கு வேண்டும். அவருடைய சராசரியான பாட்டை அற்புதம் என்று சொல்வது, அவருடைய அற்புதமான பாட்டுகளுக்குச் செய்யும் அவமரியாதை. ‘ரோஜா’வுக்கும் ‘இருவர்’க்கும் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’க்கும் நாம் காட்டக்கூடிய நன்றி, அவை உயர்த்திவைத்த அளவுகோலை அவற்றைப் படைத்தவருக்காகக்கூடத் தாழ்த்தாமல் இருப்பதுதான். அடுத்த தொகுப்பைத் திறந்த மனத்தோடு கேட்போம். பிடித்தால் ஏன் பிடித்தது என்று சொல்வோம். பிடிக்காவிட்டாலும், அதே அன்போடு, ஏன் என்று சொல்வோம்.